முன்வரிசைக்காரர் ஆடாத ஆட்டம்

அமெரிக்க மிஷன்காரர் யாழ்ப்பாணத்துக்கு என்ன கொண்டுவந்தவை என்று கேட்டுப் பாருங்கோ. எங்கட ஆட்கள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், ஆஸ்பத்திரி, உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை, வட்டுக்கோட்டையில் செமினரி, 1841இல் ‘உதயதாரகை’. 1830களில் சாவகச்சேரிக்கும் வந்து ஒரு நிலையம் போட்டார்கள். அல்ஜிப்ரா வந்தது, வானசாஸ்திரம் வந்தது. அவர்கள் ஊரில் கைகோர்த்து ஆடும் ஆட்டம் மட்டும் வரவில்லை. கப்பலில் இடம் காணாது என்று சாக்குச் சொல்லவும் ஏலாது, ஆட்டத்துக்குப் பெட்டியே தேவையில்லை!

அவர்கள் வந்தது கண்ட இடத்திலிருந்தும் அல்ல. நியூ இங்கிலாந்து! இங்கிலாந்திலிருந்து போன ‘கன்ட்ரி டான்ஸ்’, ‘கொன்ட்ரா டான்ஸ்’ என்ற பேரோடு குடியேறிய மண். லீவை ஸ்போல்டிங் என்று ஒரு பாதிரியார். 1791இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், மொனாட்னொக் மலையடியில் உள்ள ஜாஃப்ரி என்ற ஊரில் பிறந்தவர். இன்றைக்கும் கொன்ட்ராக்காரருக்கு அந்த மலையடிவாரம் பாடல் பெற்ற தலம். மனுஷன் 1820இல் இங்கே வந்து, 1873இல் உடுவிலில் கண்ணை மூடும் வரைக்கும் எங்களோடு அரை நூற்றாண்டு இருந்தார். 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதியை முடித்து வைத்தவர்களில் அவரும் ஒருவர். எத்தனை ஆட்டத்துக்கு உட்கார்ந்து பொருள் எழுதியிருப்பார்! எழும்பி ஒரு சுற்று சுற்றியிருந்தால் மை சிந்தியிருக்கும் என்று பயந்தாரோ என்னவோ.

சரி, என்ன ஆட்டம் அது? இரண்டு நீள வரிசை. எதிரெதிரே சோடி சோடியாக நிற்பார்கள். இரண்டு சோடி சேர்ந்தால் நாலு பேர்க் கூட்டம் ஒன்று. மேடையில் வயலினோடு ஒரு கோஷ்டி. பக்கத்தில் மைக்கோடு ஒருவர். அவருக்கு ‘கோலர்’ என்று பேர். எங்கட கணக்கில் வேஷமும் மத்தளமும் இல்லாத அண்ணாவியார். நாலு பேரும் கைகோர்த்து இடப்பக்கம் சுற்று, சோடியைச் சுழற்று, குறுக்கே போய் எதிர்வரிசையில் நில் என்று அடுத்தடுத்த அசைவைச் சொல்லிக்கொண்டே இருப்பது அவர் வேலை. 64 அடி இசைக்குள் ஒரு சுற்று முடிய வேண்டும். அடி விழுவதற்குக் கொஞ்சம் முன்னதாகவே சொல்ல வேண்டும். பிந்தினால் மண்டபம் முழுக்க மண்டை உடையும்.

நல்ல கோலர் முதலில் இசை இல்லாமல் எல்லாரையும் ஒருதரம் நடத்திக் காட்டுவார். பிறகு பாட்டு, கூடவே கட்டளை. ஆட்கள் ஆட்டத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று கண்டால் மெல்ல மெல்லச் சொற்களைக் குறைத்து, கடைசியில் வாயை மூடிவிடுவார். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு தானாக வாயை மூடிய ஒருவரை எங்கட ஊரில் நீங்கள் கடைசியாக எப்ப கண்டனீங்கள்?

இனித்தான் விஷயமே. ஒவ்வொரு 64 அடி முடியும்போதும் ஒரு சோடி வரிசையில் ஒரு படி கீழே இறங்கும், மற்றச் சோடி ஒரு படி மேலே ஏறும். ஆறு நிமிஷம், ஏழு நிமிஷம் இப்படியே ஓடும். தலைமாட்டில் நெஞ்சை நிமிர்த்தி நின்றவர் படிப்படியாகக் கால்மாட்டுப் பக்கம் போய்க்கொண்டிருப்பார். கால்மாட்டில் கூச்சத்தோடு நின்றவர் மேலே வந்துகொண்டிருப்பார். வழியில் வருகிற ஒவ்வொரு சோடியோடும் கைகோர்த்தே தீர வேண்டும், தெரிவு கிடையாது. தேர்தல் இல்லாமல், புரட்சி இல்லாமல், வயலின் வாசித்தே முதலாமவரைக் கடைசிக்கு அனுப்பும் ஏற்பாடு இது. பெரிய மனிதர்கள் சும்மா விடுவினமோ?

முதல் கைவரிசை, பேரிலேயே தொடங்கியது. ‘கன்ட்ரி டான்ஸ்’ என்றால் வயல்வரப்பில் குடியானவர் ஆடியது என்று நினைப்போம். 1651 என்று தேதி போட்டு ‘தி இங்லிஷ் டான்சிங் மாஸ்டர்’ என்று நூற்றுச் சொச்சம் ஆட்டங்களைப் புத்தகமாகப் போட்டார் ஜோன் பிளேஃபர்ட். நாடகக் கொட்டகைகளைப் பூட்டி வைத்திருந்த பியூரிட்டன் ஆட்சிக் காலம். மனிதர் கடை விரித்தது லண்டனில், சட்டம் படிக்கிற பெடியள் நடமாடும் டெம்பிள் தேவாலயத்தடியில். வழக்கறிஞராக வரப்போகிறவர்கள் கிராமத்தானாக ஆடப் பழகினார்கள். கிராமத்தான் புத்தகம் வாங்கவில்லை. அவனுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாத் நகரத்துக்குப் பெரிய இடத்து ஆட்களெல்லாம் வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போனார்கள். குளித்தால் போதாதே, ஆடவும் வேண்டும். ஆடினால் யார் தலைமாட்டில் நிற்பது? டியூக்கின் மனைவியா, ஏர்லின் மனைவியா? இந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்க முளைத்தவர் போ நாஷ். பட்டமில்லை, காணி பூமி இல்லை, சூதாட்டம் தொழில். ஆனால் ஊரே அவரை ‘பாத் நகரத்து ராசா’ என்றது. ஆறு மணிக்கு ஆட்டம் தொடக்கம், பதினொன்றுக்கு முடிவு. இளவரசி அமீலியா இன்னும் ஒரே ஒரு ஆட்டம் என்று கெஞ்சியும் மாட்டேன் என்றவர். குவீன்ஸ்பெரி டியூக்கின் மனைவி ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்தபோது, இது வேலைக்காரிகள் கட்டுவது என்று கழற்றி எறிந்தவர் என்றும் கதை உண்டு. சூதாடி ஒருவர் சொல்ல, அரச குடும்பம் கேட்டது! எங்கட கோயில் திருவிழா உபயகாரரில் ஒருத்தரையாவது இப்படி அடக்கிக் காட்டட்டும், பார்ப்போம்.

அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்குப் பலியான பெரும்புள்ளி வேறு யாருமில்லை, ஜோர்ஜ் வாஷிங்டன். டொலர் நோட்டில் பல்வலி வந்தவர் மாதிரி இருக்கிறாரே, அவரேதான். 1779இல், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஜெனரல் கிரீனின் மனைவியோடு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் உட்காராமல் ஆடினார். இதை வதந்தி என்று தள்ளவும் ஏலாது. கடிதத்தில் எழுதி வைத்தவர் சாட்சாத் அந்த அம்மாவின் புருஷன் ஜெனரல் கிரீன். தளபதியின் கால்வலுவைப் பற்றி அவருக்கு ஒரு முறைப்பாடும் இருந்ததாகத் தெரியவில்லை. சம்பளம் கொடுக்கிறவர் ஆடும்போது யார் முறைப்பாடு எழுதுவார்?

ஆடும் ஜனாதிபதி இருந்த ஊரிலிருந்து ஆடாத பாதிரிமார் எப்படி வந்தார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் புறப்பட்ட நியூ இங்கிலாந்தில் இன்னொரு பரம்பரையும் இருந்தது. பொஸ்டனில் 1680களில் இன்க்ரீஸ் மேதர் என்ற பாதிரியார் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவதற்கு எதிராக ஒரு துண்டுப்பிரசுரமே போட்டார். எங்களுக்கு வந்துசேர்ந்தவர்கள் வாஷிங்டனின் பேரன்மார் அல்ல, மேதரின் பேரன்மார். பக்தி, படிப்பு, வைத்தியம் எல்லாவற்றிலும் தாராளம். இடுப்பில் மட்டும் சிக்கனம்.

வந்தவர்கள் எங்கட கோயில் சதிரையும் விடிய விடிய நடக்கும் கூத்தையும் கண்டு முகத்தைச் சுளித்தார்கள். போகட்டும், எதிர்க்கட்சித் தலைவர் எங்கட பக்கம் நிற்பார்தானே? ஆறுமுக நாவலர்! மிஷன்காரரைப் பேச்சிலும் எழுத்திலும் ஓட ஓட விரட்டியவர். நம்பிக்கையோடு அவர் பக்கம் திரும்பினால், அவரும் கோயிலில் தாசிகள் ஆடக் கூடாது என்று நிற்கிறார். கடவுள் யார், வேதம் எது, திருநீறா ஞானஸ்நானமா, எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பு. ஆட்டம் என்றதும் சர்வகட்சி மாநாடு, ஏகமனதான தீர்மானம்!

இருவர் மேலும் எனக்குக் கோபமில்லை. ஊரை அவசரமாகத் திருத்த வந்த ஆட்களுக்கு ஆட்டம் எப்போதும் இடைஞ்சல்தான். ஆடுகிறவன் பிரசங்கம் கேட்பதில்லை.

ஆனால் ஒன்று யோசிச்சுப் பாருங்கோ. ஸ்போல்டிங் மனம் மாறி, உடுவில் முற்றத்தில் ஒரு கொன்ட்ரா வைத்திருந்தார் என்றே வைப்போம். நடந்திருக்குமோ? 1920களின் கடைசியில், பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னதற்கே எங்கட பெரியவர்கள் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்தில் இருக்கச் சம்மதிக்காதவர்கள் கைகோர்த்துச் சுற்றுவார்களோ? அதுவும், படிப்படியாகக் கீழே இறங்குகிற வரிசையில்? கொன்ட்ராவைப் பாதிரிமார் தடுத்திருக்கத் தேவையே இல்லை. நாங்களே பார்த்துக்கொண்டிருப்போம்.

ஆனாலும் ஆட்டம் லேசுப்பட்ட சாமான் இல்லை. முன்வாசலை அடைத்தால் பின்வளவால் வரும். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரரின் பாண்ட் கோஷ்டி தங்கள் ஊர் மெட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தது. மணலி முதலியார் வீட்டு ஆதரவில் இருந்த முத்துசுவாமி தீட்சிதரின் காதில் அது விழுந்தது. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர், கேட்டுவிட்டுக் காதைப் பொத்தினாரா? அதுதான் இல்லை. சங்கராபரணத்தில் இருத்தி, சமஸ்கிருத சாகித்தியம் போட்டு, சாமி பாட்டாக்கிவிட்டார். அவைதான் நோட்டுஸ்வரங்கள், ஏறத்தாழ நாற்பது.

இதில் ‘ஜகதீச குருகுஹ’ என்ற உருப்படியின் மெட்டு ‘லோர்ட் மக்டோனல்ட்ஸ் ரீல்’ என்ற ஸ்கொட்லாந்து ஆட்ட மெட்டு. அமெரிக்க வயலின்காரர் அதே மெட்டை ‘லெதர் பிரிட்சஸ்’ என்று வாசித்துக் கொன்ட்ரா ஆடுகிறார்கள். ‘சக்தி சஹித கணபதிம்’ ஒரு பிரெஞ்சு மெட்டு. அதன் பேரே, ஆட வருகிறீர்களா என்ற அழைப்பு! தென்மராட்சியில் பாட்டு டீச்சரின் வீட்டு விறாந்தையில் இருந்து, சம்மணம் கட்டி, தொடையில் தாளம் போட்டு ஒரு பிள்ளை இதைப் பாடுகிறது என்று வையுங்கோ. மெட்டு சாமியறை வரைக்கும் வந்துவிட்டது. ஆட்டம் இன்னும் படலையடியில் நிற்கிறது.

மட்டக்களப்பில் படலையையும் தாண்டிவிட்டது. அங்கே போர்த்துக்கேயப் பறங்கியரின் கல்யாண வீடுகளில் காஃப்ரிஞாவும் லான்சர்ஸும் ஆடுவார்கள். லான்சர்ஸ் என்பது நாலு சோடி சதுரமாக நின்று ஆடும் குவாட்ரில் வகை, கொன்ட்ராவின் ஒன்றுவிட்ட தங்கச்சி. பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டில் பைத்தியமாக ஆடித் தள்ளியது. இங்கேதான் வரலாறு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்து மூட்டை கட்டியது 1658இல். லான்சர்ஸ் பிறந்தது அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் பிறகு. ஆக, வெள்ளைக்காரன் கொண்டுவந்து, தானே மறந்துவிட்டுப் போன ஆட்டத்தைப் போர்த்துக்கேயப் பரம்பரைச் சொத்தாகப் பேணி வைத்திருப்பவர்கள் மட்டக்களப்பில் தச்சுவேலையும் இரும்புவேலையும் பார்த்த சனங்கள். எந்தப் பாதிரியாரும் அதற்குக் கமிட்டி வைக்கவில்லை.

கமிட்டி வைத்தவர்களின் கதையையும் கேளுங்கோ. ஹென்றி ஃபோர்ட். உலகத்துக்கே கார் ஓட்டிக் காட்டியவர். 1920களில் இளசுகள் ஜாஸுக்கு ஆடுவதைக் கண்டு அவருக்கு வயிறு எரிந்தது. அதை யூதர்களின் சதி என்று தன் பத்திரிகையில் விஷம் கக்கவும் வைத்தார். மாற்றுமருந்தாக அவர் கண்டுபிடித்தது தாத்தா காலத்துச் சுத்தமான ஆட்டம். பெஞ்சமின் லவெட் என்ற ஆட்ட வாத்தியாரைச் சம்பளத்துக்குப் பிடித்து, 1926இல் ஒரு கைநூலும் போட்டு, கம்பனி அதிகாரிகளைச் சோடியோடு வந்து ஆடு என்று அழைத்தார். முதலாளியின் அழைப்புக்குக் காய்ச்சல் என்று கடிதம் கொடுக்க முடியுமா? இளசுகளோ ஜாஸ் மண்டபத்துக்குத் தப்பி ஓடினார்கள். எதில் என்று கேளுங்கோ. ஃபோர்ட் காரில்!

அதைவிடப் பெரிய பகிடி ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரரின் சுத்தமான சொத்து என்று ஃபோர்ட் கட்டிப்பிடித்த ஆட்டத்தில் உயிர்நாடி எது? கோலர். முன்பெல்லாம் ஆட்டம் பழக வாத்தியாருக்குக் காசு கட்டி வகுப்புக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின வயலின்காரர்கள் வாசித்தபடியே அடுத்த அசைவை வாயால் சொல்லத் தொடங்கினார்கள். வகுப்பும் வேண்டாம், காசும் வேண்டாம், காது மட்டும் போதும் என்றானது. அமெரிக்க ஆட்டங்களைத் தோண்டிப் பார்த்த ஆய்வாளர்கள் காட்டும் மிகப் பழைய கோலர்கள் இவர்கள்தான். ஃபோர்ட் கறுப்பினத்தாரின் ஜாஸை விரட்டக் கறுப்பினத்தாரின் கண்டுபிடிப்பையே காசு கொடுத்துப் பிடித்திருக்கிறார். ரசீதைப் பார்க்கவில்லை.

இங்கிலாந்தில் சிசில் ஷார்ப். பாவம், நல்ல மனுஷன். சாகக் கிடந்த கிராமத்து ஆட்டங்களைத் தேடிப் பிடித்து எழுதி வைத்தவர். அவர் இல்லாவிட்டால் பாதி அழிந்திருக்கும். ஆனால் மேரி நீல் என்ற அம்மா லண்டன் தையல்காரப் பெண்பிள்ளைகளை ஆட வைத்தபோது, அவர்கள் சிரித்துக் களித்து ஆடினார்கள். ஷார்ப்புக்குப் பொறுக்கவில்லை. கால் சரியான இடத்தில் விழ வேண்டாமா! 1911இல் ஒரு சங்கம் அமைத்து, சான்றிதழும் பரீட்சையுமாக இறங்கிவிட்டார். பிளேஃபர்டின் பழைய புத்தகத்தில் இருந்ததோ சுருக்கெழுத்து மாதிரி நாலு வரி. ஆடிக் காட்ட ஒருவரும் உயிரோடில்லை. மீதியை ஷார்ப் தன் மண்டைக்குள்ளிருந்து எடுத்துப் போட்டார். பிறகு அதற்குப் பரீட்சை வைத்து, பிழை என்று புள்ளியும் குறைத்தார்கள்.

ஏன் சிரிக்கிறியள்? எங்களுக்கும் ஒரு ஷார்ப் இருந்தவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன், பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். படித்தவர்கள் கூத்து என்றால் மூக்கைப் பிடித்த காலத்தில், பேராதனை மாணவர்களின் காலில் சலங்கை கட்டி 1962இல் ‘கர்ணன் போர்’ ஆட வைத்தவர். அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு. விடிய விடியப் போகும் கூத்தை ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் மடக்கினார். அதுவும் நல்லதுதான், கடைசி பஸ் பிடிக்க வேண்டுமே. கூடவே வட்டக்களரியிலிருந்த கூத்தைத் தூக்கிப் படச்சட்ட மேடையில் வைத்தார். வட்டக்களரியைச் சுற்றிச் சனம் நாலு பக்கமும் இருக்கும், முன்வரிசை என்று ஒன்று கிடையாது. மேடை வந்தது. ஒரு பக்கம் கதிரை வந்தது. முன்வரிசையும் பிறந்தது. ஐயோ, அன்று பிடித்த சனி!

ஆதலால் சாவகச்சேரியில் ஒரு கொன்ட்ரா இரவு வைப்போம் என்கிறேன். என்ன குறை? மெட்டு தீட்சிதர் கொடுத்திருக்கிறார். கூப்பிட அண்ணாவிமார் இருக்கிறார்கள், சட்டம் கொடுத்தல், அடுக்குப் பார்த்தல் என்று ஒழுங்குபடுத்துகிற வித்தை அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வரும். பின்னல் கோலாட்டத்தில் கயிறு சிக்காமல் உள்ளே வெளியே பூந்து வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வரிசை மாறுவது தூசு. ஆண் பெண் சோடிதான் இடைஞ்சல் என்றால், அமெரிக்காவிலேயே இப்போது ஆண், பெண் என்று சொல்லிக் கூப்பிடுவது அருகிவருகிறது. ஒரு பக்கத்தாருக்கு ‘லார்க்’, மறுபக்கத்தாருக்கு ‘ராபின்’ என்று பறவைப் பேர். யாரும் யாரோடும் நிற்கலாம். கைபிடித்ததற்காக மறுநாள் சாதகம் பார்க்கவும் தேவையில்லை.

மண்டபம் பிடித்தாயிற்று என்று வையுங்கோ. வாட்ஸ்அப் குழுவும் தொடங்கியாயிற்று. உடனே அழைப்பிதழ் வேலை ஆரம்பிக்கும். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர். அதில் ஒருவரின் பேர் எழுத்துச் சின்னமாக விழுந்ததால் மறு அச்சு. ஐந்து மணிக்கென்று போட்டது ஆறரைக்குத் தொடங்கும். மங்கல விளக்கேற்றல், ஒவ்வொரு திரிக்கும் ஒரு பிரமுகர். வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, தலைமையுரை. பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்கும் பொன்னாடை. இதற்கிடையில் கோலர் ஒரு மூலையில் நின்று மைக்கைப் பார்ப்பார், மைக் கிடைக்காது. எட்டரைக்கு நன்றியுரை. ஆட்டம்? சனத்துக்குப் பசிக்கிறது, அடுத்தமுறை பார்ப்போம்.

உரைகளை ஒரு துணிச்சல்காரச் செயலாளர் வெட்டிவிட்டார் என்றே வைப்போம். கோலரின் கைக்கு மைக் வந்துவிட்டது. வயலின் தொடங்கப் போகிறது. எல்லாரும் சோடி பிடித்து இரண்டு வரிசையாக நில்லுங்கோ என்கிறார். பிரதம விருந்தினர் மாலையைச் சரிசெய்துகொண்டு எழும்பி, யாரும் சொல்லாமலே நேரே தலைமாட்டில் போய் நிற்பார். சனம் கைதட்டும். 64 அடி முடியும். கோலர் பணிவாக, ஐயா ஒரு படி கீழே வாங்கோ என்பார்.

ஐயாவுக்கு உடனே வேறொரு கூட்டம் ஞாபகம் வரும். அவர் போகட்டும், அவருக்குப் பின்னால் அவரைச் சுற்றி வந்த பரிவாரமும் போகட்டும். அப்போதுதான் மண்டபத்தில் ஆட இடம் வரும்.